உன் கைப்பெயர்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. முழங்காலைத் தவிர மற்றபடி நான் சௌக்கியம், நீயும் மாப்பிள்ளையும் சௌக்கியமாக இருக்கிறீர்கள் என்று நம்பிக்கொண்டிருக்கிறேன். உன் அண்ணன் மாற்றலாகிப் போய் மூன்று மாதமாகிறது, அவனைப்போல் பக்கத்தில் நின்று உன் சைகையை எனக்குச் சொல்ல ஆளில்லாததால் உன் வீடியோ காலும் நின்றுவிட்டது. காது கேட்காத பெண் இருக்கிற வீடு அமைதியாக இருக்கும் என்று ஊரார் நினைப்பார்கள், உனக்கென்ன தெரியும், நீ கதவைச் சாத்துவதும் பாத்திரத்தை உருட்டுவதும் தெருக்கோடிவரை கேட்கும். இப்போதுதான் வீடு செவிடாகிக் கிடக்கிறது. ரேடியோவைப் போட்டுவிட்டுச் சாப்பிடுகிறேன், தனியாக இருக்க எனக்குப் பிடிக்கவே இல்லை.

சிரிக்காதே, ஜெராக்ஸ் கடை மாடியில் இருக்கிற காது கேளாதோர் சங்கத்தில் சைகைமொழி வகுப்புக்குச் சேர்ந்திருக்கிறேன். அங்கே வாயைத் திறக்கக் கூடாது, திறந்தால் டீச்சர் விளக்கை அணைத்து அணைத்துப் போடுவார், முதல் நாள் என்னால் மட்டும் ஒன்பது தடவை விளக்கு அணைந்தது. போன செவ்வாய்க்கிழமை சங்கத்துக்கு வருகிற காது கேளாத ஒரு தையல்காரம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டியிருந்தது. சங்கம் ஏற்பாடு செய்த மொழிபெயர்ப்பாளர் வரத் தாமதமாகுமாம், அதுவரை சும்மா துணைக்கு உட்காருங்க என்று செயலாளர் என்னை அனுப்பினார். சும்மா உட்காருகிற ஜென்மமா நான்? டாக்டர் என்னையே பார்த்து இவங்களுக்கு என்ன செய்யுது என்று கேட்டார், வழியில் அவள் சைகையில் காட்டியதை நான் புரிந்துகொண்டபடி, இடுப்பு வலி, ரெண்டு வாரமா என்று நானும் கடகடவென்று ஒப்பித்துவிட்டேன். அந்தம்மா மேஜையை ஓங்கித் தட்டி, டாக்டர் பேனாவைப் பிடுங்கி, சீட்டின் பின்னால் எழுதினாள்: வலி எனக்கு, என்னைக் கேளுங்கள். நான் சொன்னதில் பாதி தப்பு, வலி இரண்டு மாதமாக இருந்திருக்கிறது.

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. உனக்குப் பதினெட்டு வயதில் கல்லூரி முதல்வர் என்ன படிக்க ஆசை என்று உன்னைக் கேட்டபோது, டைப்பிங் போதும் சார் என்று முடித்துவிட்டேனே, நீ என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாயே, அது ஞாபகம் வந்தது. சைகை காட்டினால் பேச்சு வராது என்று யாரோ சொன்னதைக் கேட்டு உன் கையைத் தட்டிவிட்டதும் நான்தான். தப்பு செய்துவிட்டேன் கண்ணு.

திரும்பும்போது அந்தம்மாவுக்குக் கோபம் போய்விட்டது. உன் மகள் பெயர் என்ன என்று பஸ்ஸில் சைகையில் கேட்டாள். ஒவ்வொரு எழுத்தாக விரலில் காட்டினேன். அதில்லை, அவளோட ஆட்கள் அவளைக் கூப்பிடுகிற கைப்பெயர் எது என்றாள். காது கேளாதவர்கள் ஆளுக்கொரு சைகையை ஒருவருக்கொருவர் பெயராக வைத்துக்கொள்வார்களாமே, எனக்கு அதுவே தெரியாது. இத்தனை வருஷமாக உனக்கு ஒரு பெயர் இருந்திருக்கிறது, பெற்றவளுக்குத் தெரியவில்லை. இறங்கும்வரை ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு வீடியோவில் கூப்பிடு. கையில் வெளிச்சம் விழட்டும் என்று நாற்காலியை ஜன்னலோரம் நகர்த்திப் போட்டிருக்கிறேன். நடுவில் யாரும் வேண்டாம், முதலில் உன் பெயரைக் காட்டு. நீங்கள் இருவரும் குறையில்லாமல் நன்றாக இருக்க வேண்டும். மெதுவாகக் காட்டு, மறக்காதே. புரியாவிட்டால் முன்பு மாதிரி சும்மா தலையாட்ட மாட்டேன், இன்னொரு தடவை கேட்பேன்.

இப்படிக்கு,
ஜன்னலோரம் காத்திருக்கும்
உன் அம்மா