கூப்பிடாமல் வந்த மெயில்

காலையில் கணினியைத் திறந்ததும் மெயில்களின் முதல் வரியில் உங்கள் பெயர். தலைப்பு, ‘புகைப்படங்கள்’. கூடவே ஓர் இணைப்பு. ஆத்துப்பாலத்து மின்மயானத்தில் உங்களை விட்டுவந்த பிறகு ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது.

கை மவுஸிலேயே இருந்தது. அழுத்தவில்லை.

கணபதி பகுதியில் நம் பம்பு கம்பெனி. எதிரெதிர் மேசை. இதேபோல் ஒருமுறை, டீலர்கள் எல்லோருக்கும் உங்கள் பெயரில் வைரஸ் போனது. வெள்ளகோவில்காரர் போனில் கத்தியது என் மேசை வரை கேட்டது.

“ஏனுங்க தம்பி, உங்கள நம்பித்தானுங்க தொறந்தேன். என்ற கம்ப்யூட்டரே படுத்துப்போச்சு!”

“நான் அனுப்பலீங்க.”

“உங்க பேருதானுங்க இருக்குது!”

உங்கள் கணினியில் ஒன்றுமில்லை. வேறு யாருடையதிலோ வைரஸ் புகுந்து, அங்கிருந்த முகவரிகளில் உங்களுடையதை எடுத்து, அனுப்பியவர் என்று போட்டு அனுப்பியிருக்கிறது. ஒவ்வொருவரையும் கூப்பிட்டு விளக்கினீர்கள். சரி சரி என்றார்கள். நம்பியதாகத் தெரியவில்லை.

அதன்பிறகுதான் அந்தப் பழக்கம். எந்தப் பம்பு வரைபடம் அனுப்பினாலும் முதலில் போன். “நான்தானுங்க அனுப்பறேன். தொறக்கலாமுங்க.” எதிரில் உட்கார்ந்திருக்கும் எனக்கும்கூட.

“அதான் மூஞ்சியப் பாத்துட்டே இருக்கறேனுங்களே!”

“மூஞ்சி மெயில்ல வராதுங்க அம்மணி.”

நான் சிரித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை.

மதியம் கோபியிலிருந்து உங்கள் தங்கை கூப்பிட்டாள். அவளுக்கும் வந்திருக்கிறது.

“அக்கா, போட்டோன்னு போட்டிருக்குது. தொறக்கட்டுங்களா?”

“வேண்டாம் அம்மணி. அது அண்ணன் அனுப்புனதில்ல.”

“அண்ணன் பேருதானுங்க இருக்குது.” மறுபடியும் அவளே, “முன்னாலயே அனுப்பி, இப்பத்தான் வந்து சேர்ந்துச்சோ என்னமோ?”

வைரஸ் பற்றி என்னென்னவோ வாய்வரை வந்தது.

“அனுப்பியிருந்தா கூப்பிட்டுச் சொல்லியிருப்பாரு” என்றேன்.

பிறகு, “ஆமாங்க்கா. அண்ணன் சொல்லாம அனுப்பாது” என்று வைத்துவிட்டாள்.

நானும் அழித்தேன். எங்கோ ஒரு கணினியில் உங்கள் பெயர் இன்னும் இருக்கிறது. மறுபடியும் வரும்.

மாலையில் வெள்ளகோவிலுக்கு ஒரு வரைபடம். முதலில் போனை எடுத்தேன். “நான்தானுங்க அனுப்பறேன்.”

அதே மனிதர். சற்றுத் தயங்கினார். “ஏனுங்க அம்மணி, அன்னைக்கு அந்த வைரஸு... நெசமாலுமே அந்தத் தம்பி அனுப்பலீங்களா?”

“அவரு அனுப்பலீங்க.”

இன்னும் எத்தனை பேர் கேட்பார்களோ. சொல்லிக்கொண்டிருக்கிறேன்.