முசியே கோவிந்தனுக்கு இடம் கிடைத்துவிட்டது

ரொட்டி வாசனை இன்னும் போகாத என் அப்பாவுக்கு,

உங்களுக்குப் பிரான்சில் இடம் கிடைத்துவிட்டது. சிரிக்காதீர்கள், நிஜமாகத்தான் சொல்கிறேன். தெற்குப் பக்கத்தில் ஒரு சர்வகலாசாலை. ரசாயனப் படிப்பு. ஐந்தாவதோடு நின்று ரொட்டி அடுப்புக்கு வந்தவரை எப்படிச் சேர்த்துக்கொண்டார்கள் என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

விண்ணப்பத்தில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் இருந்தது. நமக்கு ஏது குடும்பப் பெயர்? பிரெஞ்சுக்காரர்கள் நம் ஊரை ஆண்டபோது அவர்கள் சட்டத்துக்கு மாறிக்கொண்ட வீடுகளில் அந்தக் காலத்திலேயே ஒரு பெயரை எடுத்து வைத்துக்கொண்டார்கள். நம் வீட்டில் ஆளுக்கு ஒரு பெயர், அதோடு சரி. காலியாக விட்டால் தூக்கிப் போட்டுவிடுவார்கள் என்று கூடப் படித்த பிலோமினா பயமுறுத்தினாள். அதனால் அந்தக் கட்டத்தில் உங்கள் பெயரை எழுதினேன், அடுத்ததில் என் பெயரை. வசந்தா என்பது ஆணா பெண்ணா என்று அந்த ஊரில் யாருக்குத் தெரியும்? ஆண்பிள்ளை என்றே நினைத்து முசியே போட்டுவிட்டார்கள்.

ஆடி மாதம் பதில் வந்தது. தபால்காரர் தெருவுக்குப் புதுசு. வாசலில் நின்று, “முசியே கோவிந்தன்! பிரான்ஸ்லேருந்து கடுதாசி வந்திருக்கு, ஐயா இருக்காரா?” என்று குரல் கொடுத்தார். அரிசி களைந்துகொண்டிருந்த அம்மா ஈரக்கையோடு ஓடிவந்தாள். நீங்கள் போய் இரண்டு வருஷம் கழித்து உங்களைத் தேடி ஒருவர் வந்து நிற்கிறார். அப்போது அவள் முகம் போன போக்கை எனக்கு எழுதத் தெரியவில்லை.

நான் கை நீட்டினேன். “அவருக்கு வந்தத நீ ஏன்டி பிரிக்கிற?” என்று வெடுக்கென்று வாங்கி உங்கள் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டாள். விளக்கேற்றிய பிறகுதான் என் கைக்கு வந்தது. முசியே கோவிந்தன் அவர்களுக்கு இடம் ஒதுக்கியிருக்கிறோம், உதவித்தொகையும் உண்டு, ஆனால் அனுப்பிய பிறப்புப் பதிவில் வசந்தா என்ற பெயர் மட்டுமே இருக்கிறது, இரண்டு பெயரும் ஒரே ஆளுடையதுதான் என்று ஊர் நகரசபை சான்று தரவேண்டும் என்று எழுதியிருந்தார்கள். ஆவணி முடிவதற்குள் அது போய்ச் சேராவிட்டால் இடம் வேறொருவருக்கு.

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அம்மாவுக்கு இரண்டும் வரவில்லை. “உங்கப்பா சொல்லாம கொள்ளாம போயிட்டாரு. நீ சொல்லிட்டுப் போறியா?” என்றாள். உழவர்கரையில் மாமா பார்த்து வைத்திருக்கும் வரன் வேறு அவள் மனசில் ஓடிக்கொண்டிருந்தது.

நகரசபையில் விசாரித்தேன். அதை மேரி என்றுதான் ஊரே இன்னமும் சொல்கிறது. கொடி மாறிவிட்டது, காகிதம்தான் முழுசாக மாறவில்லை என்கிறார்கள். தகப்பனார் இல்லாததால் தாயார் நேரில் வந்து, சாட்சிகள் முன்னால், தன் வாயாலேயே சொல்லவேண்டுமாம்.

அம்மா தன் வாயால் உங்கள் பெயரைச் சொல்வதா? அது எவ்வளவு பெரிய காரியம் என்று உங்களைவிட யாருக்குத் தெரியும்? புரட்டாசிச் சனிக்கிழமை தெருவே கோவிந்தா போடும்போது அவள் மட்டும் வாயைத் திறக்காமல் கன்னத்தில் போட்டுக்கொள்வாள். “சாமியவே பட்டினி போடுறா எம் பொண்டாட்டி!” என்று நீங்கள் கடைக்காரர்களிடம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பீர்கள். புருஷன் பெயரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று நம்பினாள். ஒரு நாளும் சொல்லவில்லை. அப்படியும் குறைந்துவிட்டதே அப்பா.

அதனால் நான் அவளைக் கேட்கவே இல்லை. கேட்டு, அவள் முடியாது என்று சொல்லிவிட்டால் அவள்மேல் எனக்கு ஆயுசுக்கும் கோபம் தங்கிவிடும் என்று பயந்தேன். பிலோமினாதான் வந்து எல்லாவற்றையும் அம்மாவிடம் போட்டு உடைத்தாள்.

ஒரு காலையில் அம்மா நல்ல சேலையாகக் கட்டிக்கொண்டு வந்து, “கெளம்பு, மேரிக்குப் போயிட்டு வந்துடலாம்” என்றாள். சாட்சிக்கு உங்களோடு ரொட்டி சுட்ட கூட்டாளிகள் இருவரையும் அவளே சொல்லி வைத்திருந்தாள். அடுப்படியிலிருந்து நேராக, முழங்கை வரை மாவோடு வந்து நின்றார்கள்.

குமாஸ்தா நல்ல மனுஷர். “பொண்ணோட அப்பா பேரு என்னம்மா?” என்றார்.

“திருப்பதி மலையில இருக்காரே, அவரு பேரு” என்றாள் அம்மா.

“அவருக்கு ஆயிரம் பேரு இருக்கும்மா. நான் எத எழுதட்டும்? வெங்கடேசனா, சீனிவாசனா?”

நான் வாயெடுத்தேன். “நீ சொல்லக் கூடாதும்மா, அவங்கதான் சொல்லணும்” என்று கையமர்த்தினார். கூட்டாளிகள் தரையைப் பார்த்தார்கள். அம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். வேண்டாம், எழுந்து போய்விடலாம் என்றுகூட எனக்குத் தோன்றிவிட்டது.

“கோவிந்தன்” என்றாள் அம்மா. அவர் எழுதுவதற்குள் இன்னொரு தரம், கொஞ்சம் சத்தமாக: “எம் புருசன் பேரு கோவிந்தன். இவ அவரு பொண்ணு. அவரு பேருலதான் இவ போறா.”

வெளியே வந்து கடலைப் பார்த்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தோம். அவள் நன்றாக அழுதாள். நானும்தான். எப்படியம்மா மனசு வந்தது என்று கேட்டேன். “நான் சுடுற ரொட்டிய அந்த ஊர்ல எப்படித் திங்கிறாங்கன்னு ஒரு தடவ போய்ப் பாத்துட்டு வரணும்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு. கடுதாசியும் அவரு பேருக்குத்தான வந்திருக்கு? நான் யாரு தடுக்க?” என்றாள். மூக்கைத் துடைத்துக்கொண்டு, “சொல்றதுக்கு நல்லாத்தான் இருக்கு அந்தப் பேரு” என்றாள்.

சான்று போய்ச் சேர்ந்து பதிலும் வந்துவிட்டது. இந்த முறை பெண்பிள்ளை என்று தெரிந்து, உறைமேல் மத்மொசேல் கோவிந்தன் என்று சரியாகப் போட்டிருக்கிறார்கள். உங்களுக்குக் கொடுத்த இடத்தை எனக்கு மாற்றிவிட்டார்கள், கோபித்துக்கொள்ளாதீர்கள். அடுத்த வாரம் பம்பாய் போய்க் கப்பல் ஏறுகிறேன். அம்மா ஊறுகாய்க்கு மேல் ஊறுகாயாகப் போட்டு அடைக்கிறாள். மாமாவுக்கு இன்னும் முகம் நேராகவில்லை, ஆனால் பெட்டி வாங்கி வந்தவர் அவர்தான்.

நேற்றுப் புரட்டாசியின் முதல் சனிக்கிழமை. பிள்ளைகள் நாமம் போட்டுக்கொண்டு செம்போடு அரிசி கேட்டு வந்தார்கள். அம்மா படி நிறைய அரிசியை எடுத்துப் போட்டுவிட்டு, தெருமுனை வரை கேட்கும்படி “கோவிந்தா!” என்றாள். எதிர்வீட்டில் ஜன்னல் திறந்து பார்த்தார்கள். உங்களுக்குக் கேட்டதா?

அந்த ஊர் ரொட்டியை உங்களுக்காக ஒரு விள்ளல் கூடுதலாகத் தின்று பார்ப்பேன். நம்முடையதைவிட மோசமாக இருந்தால் அங்கேயே சொல்லிவிடுவேன். முதல் நாள் வகுப்பில் உங்கள் பெயரைத்தான் கூப்பிடுவார்கள். கூப்பிட்டதும் எழுந்து நின்று, இருக்கிறேன் என்று நம் இரண்டு பேருக்கும் சேர்த்துச் சொல்வேன். படிப்பை முடித்து அம்மாவிடம் திரும்பி வருவேன். இது சத்தியம்.

சொல்லிவிட்டுத்தான் போகிறேன், அப்பா.

உங்கள் பெயரோடு கப்பலேறும் மகள்,
வசந்தா கோவிந்தன்