பிச்சைமுத்து அண்ணனின் ரகசியச் சொல்

ஈப்போ,
5.4.1987

அன்புத் தம்பி ஜெயபாலனுக்கு,

அக்கா நவமணி எழுதுவது. இங்கே அம்மாவும் உன் மச்சானும் பிள்ளைகளும் சுகம். லண்டன் குளிரில் நீயும் உடம்பைப் பார்த்துக்கொள்வாய் என்று நம்புகிறேன்.

உன் கடிதம் வந்தது. படித்ததும் அரிசி டின்னுக்கு அடியில் ஒளித்து வைத்தேன். யாரும் உன்னை ஒன்றும் செய்ய முடியாது, அந்த ஊரில் அது குற்றமே இல்லை என்று எழுதியிருக்கிறாய். பெரிய சாமர்த்தியம்தான் போ. ஆனால் நீ சொன்னது உண்மை. டெலிபோன் வழியாக லண்டனிலிருந்துதான் யாரோ எங்கள் தோட்டக் கம்பெனியின் கம்ப்யூட்டருக்குள் நுழைந்து கணக்கை அழித்தார்கள் என்று ஆபீசில் கண்டுபிடித்துவிட்டார்கள். லண்டன் போலீசுக்கு எழுதிக் கேட்டதற்கு, பூட்டு உடையவில்லை, பொருள் களவு போகவில்லை, இதற்கு எங்கள் சட்டத்தில் பெயரே இல்லை என்று பதில் வந்ததாம்.

இரண்டு நாட்டிலும் குற்றமாக இருந்தால்தான் ஆளைப் பிடித்து ஒப்படைப்பார்கள் என்றார் கம்பெனி வக்கீல். இதைப் பற்றி நாடுகள் கூடிப் பேசத்தான் செய்கின்றனவாம். விரல் பட்ட ஊரில் குற்றம் நடந்ததா, கணக்கு அழிந்த ஊரில் நடந்ததா, எந்த நாடு விசாரிப்பது என்று கேட்டால் ஆளுக்கொரு பக்கம் இழுக்கிறார்களாம். அவர்கள் ஒப்பந்தம் போட்டு முடிக்கும்வரை நீ அங்கே ராஜாதான்.

பிச்சைமுத்து அண்ணன் இங்கே இருக்கிறாரே, அவரைப் பிடிக்க எந்த ஒப்பந்தமும் வேண்டாம். நீ எங்கள் ஆபீசில் இருந்தபோது கோப்பெங்கிலிருந்து தினமும் உன்னைத் தன் மோட்டார் சைக்கிளில் ஏற்றி வந்தாரே, அவர்தான். கம்ப்யூட்டரைத் திறந்ததாகப் பதிவாகியிருப்பது அவருடைய ரகசியச் சொல். அதை யாருக்கோ விற்றுவிட்டார் என்று வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். இரண்டு முறை போலீஸ் கூப்பிட்டது. பதினைந்தாம் தேதி புதன்கிழமை ஆபீசில் கடைசி விசாரணை.

தைப்பூசத்துக்குக் கல்லுமலைக் கோயிலில் காவடி எடுக்க அவர் மூன்று நாள் லீவு போட்டார். கணக்கு வேலை நின்றுவிடக்கூடாதென்று என்னிடம் அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டுப் போனார். தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் வெளியூர் போகிறவர்கள் பக்கத்து வீட்டில் சாவி கொடுத்துவிட்டுப் போவார்கள் இல்லையா, அந்தப் பழக்கம். அந்த நேரம் பார்த்து நீ எழுதினாய். இங்கே வேலை செய்தபோது உனக்கு ஏன் பதவி உயர்வு தரவில்லை என்று உன் பழைய பதிவைத் திறந்து பார்க்க வேண்டும், பார்த்தால் போதும் என்றாய். என் சொல்லுக்கு அது திறக்காது. அதனால் அவருடையதை எழுதி அனுப்பினேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். என்னுடையது திறந்திருந்தாலும் அதைக் கொடுத்திருக்க மாட்டேன். ஏதாவது வம்பு வந்தால் என் பேர் அடிபடக்கூடாது என்று அப்போதே நினைத்தேன். இதை உன் மச்சானிடம்கூட நான் சொல்லவில்லை.

நீ பார்த்ததோடு நிறுத்தவில்லை. மேனேஜர் மேல் இருந்த கோபத்தில் தோட்டத்து ஆட்களின் சர்வீஸ் கணக்கு முழுவதையும் அழித்தாய். மேனேஜருக்கு ஒன்றும் ஆகவில்லை. இருபது வருஷம் வேலை செய்தவர்களுக்குத்தான் கம்பெனி வீட்டு மனை தரும். அதற்கு அத்தாட்சி அந்தக் கணக்கு ஒன்றுதான். கம்ப்யூட்டர் வந்ததும் பழைய புத்தகங்களை எரித்துவிட்டார்கள். இப்போது ரப்பர் மரத்தில் பால்வெட்டிய கிழவிகள் சாட்சி தேடி அலைகிறார்கள்.

போன ஞாயிறு பிச்சைமுத்து அண்ணன் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி மாரியம்மா தேத்தண்ணி கொடுத்தாள். அண்ணன் வாசல்வரை வந்து வழியனுப்பினார்.

"யாரு கேட்டாலும் ஒம் பேர சொல்ல மாட்டேன் தங்கச்சி. ஒனக்குப் புள்ளைங்க இருக்கு. நீ வெளிய சொல்லியிருக்க மாட்ட, அது எனக்குத் தெரியும்லா" என்றார்.

நான் வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு, "ஆமாண்ணே" என்றேன். பாவி, அப்படித்தான் சொன்னேன்.

சும்மா இரு, சாட்சி இல்லையென்று அவரை விட்டுவிடுவார்கள் என்கிறார் உன் மச்சான். என்னால் முடியாது. நாளைக் காலை மேனேஜரிடம் போய் நான்தான் கொடுத்தேன், என் தம்பிக்குக் கொடுத்தேன் என்று சொல்லப்போகிறேன். வேலை போகும். அதற்கு மேலும் வரலாம். வரட்டும்.

ஆனால் நான் மட்டும் சொன்னால் அண்ணனைக் காப்பாற்றப் பொய் சொல்கிறாள் என்பார்கள். நீயும் உன் கையெழுத்தில் கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுது. கடிதம் அந்தப் புதன்கிழமைக்குள் வராது, அதனால் முதலில் தந்தியாவது கொடு. அங்கே அது குற்றமே இல்லை என்று நீதானே எழுதினாய்? குற்றமில்லாததை ஒப்புக்கொள்ள என்னடா பயம்?

எழுதினால் நீ இந்த நாட்டில் கால் வைக்க முடியாது என்பது எனக்கும் தெரியும். தீபாவளிக்கு நீ வருவாய் என்று அம்மா நாள் எண்ணிக்கொண்டிருக்கிறார். அவரிடம் நான் சொல்லிக்கொள்கிறேன்.

எங்கே இருந்தாலும் நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன்னைத் தூக்கி வளர்த்த அக்கா,
நவமணி