நான்கு ரொட் மூடிகள்

20, வியாழன்

விடியும்போது மழை விட்டிருந்தது. முதலில் கண்ணில் பட்டது: வேன் எஞ்சினின் சாமான்களைப் போட்டு வைத்த தயிர்ச் சட்டிகளில் சோக்கட்டியால் எழுதிய எண்கள் இல்லை. நாலும் வெறும் சட்டி. இரவு கொட்டகைக்குள் சாரல் அடித்ததால் உம்மா அவற்றைக் குசினிக்குள் தூக்கி வைத்து, சுபஹுத் தொழுகைக்குப் பிறகு ஒவ்வொன்றாகத் துடைத்து, திரும்பவும் வாங்குப் பலகையில் அடுக்கியிருக்கிறார்.

ஒரு சட்டிக்குள் ஒரு ரொட் மூடி, பேரிங், இரண்டு நட். பிஸ்டன்களை ரொட்டோடு நேற்றே வாப்பா எஞ்சினுக்குள் இறக்கிவிட்டார். ரொட்டின் அடியைக் கிராங்க் தண்டோடு சேர்த்துப் பிடிக்கிற மூடி போடுவதுதான் பாக்கி. "எந்த மூடி எந்த ரொட்டுல ஈந்திச்சோ அதுலதான் போடணும் மகள். மாறினா கிராங்க்கைத் தின்னுரும்." மூடிகளில் எண் குத்தியிருக்கவில்லை. அதனால்தான் எண் போட்ட சட்டி.

உம்மாவிடம் கேட்டேன். "வரிசையாத்தான் வெச்சேன்" என்றார். மேலே கேட்கவில்லை.

வாப்பா கேஸ்கட் வாங்கக் கண்டிக்கு. வருவதற்குள் மூடிகளைப் போட்டு வைக்கச் சொன்னார். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு என்னை நம்பிக் கொடுத்த முதல் வேலை. திங்கட்கிழமை பள்ளிக்கூட விடுமுறை முடிகிறது. வாப்பாவின் வேனில் போகிற பிள்ளைகள் பதினான்கு பேர்.

இடப்பக்கத்திலிருந்து எடுத்தேன். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. போட்டு முடித்துக் கிராங்க்கைச் சுற்றினால் இறுக்கம். ஓரிடத்தில் நின்று நின்று போகிறது.

21, வெள்ளி

மப்பு வானம். வாப்பா சுற்றிப் பார்த்தார். "புது பேரிங். அப்படித்தான் ஈக்கும்." ஜும்ஆவுக்கு முன்பே எஞ்சினின் அடியை மூடும் ஒயில் தட்டைப் பூட்டிவிட்டார்.

பக்கத்து வீட்டு ஃபாரிஸ் நானா, ஆட்டோ ஓட்டுகிறவர், எட்டிப் பார்த்து வாப்பாவிடம் கேட்டார். "என்ன நானா, எஞ்சின் செய்றீங்களா, தயிர்க் கடை போடப் போறீங்களா?"

"மகள்தான் இங்க பாஸ்" என்றார் வாப்பா.

கதவுக்குப் பின்னால் போய் நின்றேன். "பாஸுக்கு வெக்கத்தப் பாருங்களே!" என்றார் ஃபாரிஸ் நானா.

செய்ய வேண்டியவை:
சீட் உறை கழுவ.
ரேடியேட்டருக்குத் தண்ணீர்.
உம்மாவிடம் சட்டி பற்றி மறுபடி கேட்க.

மூன்றாவதைச் செய்யவில்லை.

22, சனி

நல்ல வெயில். நாலு பேர் பிடித்து எஞ்சினை வேனில் ஏற்றினார்கள். மூன்றாம் தடவை ஸ்டார்ட். உம்மா வாசலில் நின்று அல்ஹம்துலில்லாஹ் சொன்னார். எஞ்சினின் அடியிலிருந்து டொக், டொக்.

"புது மாப்பிள தொண்டயச் செருமுறார்" என்றார் ஃபாரிஸ் நானா. எல்லோரும் சிரித்தார்கள். வாப்பா சிரிக்கவில்லை. அவருக்கும் கேட்டிருக்கிறது. என்னைப் பார்க்காமலே சொன்னார்: "ஓட ஓட சரியாகும்."

பின்னேரம் முழுக்க போன். ஒரு பிள்ளையின் தாய் பேசியது எனக்கே கேட்டது. "திங்கள் வரல்லண்டா நாங்க வேற வேன் பாத்துக்குறோம் நானா. போனா பொறகு திரும்ப மாத்தவும் ஏலாது." மற்றவர்களும் அதையேதான் சொன்னார்களாம். வாப்பா எல்லோருக்கும் ஒரே பதில்: "ஆறேகாலுக்கு கேட்டடியில ஈப்பேன். இன்ஷா அல்லாஹ்."



23, ஞாயிறு

காலையில் தூறல். உம்மா மசாலாத் தூள் போத்தல்களைக் கழுவி ராக்கைத் தட்டில் அடுக்கினார். வலது ஓரத்தில் முதல் போத்தல். அதற்கு இடப்பக்கம் அடுத்தது. பார்த்துக்கொண்டே நின்றேன்.

"உம்மா, சட்டியையும் இப்படியா வெச்சீங்க?"

"பின்ன? எதையும் வலது பக்கத்தாலதானே மகள் தொடங்கணும். பிஸ்மி சொல்லித்தான் ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலுண்டு வெச்சேன்."

சந்தோஷமாகச் சொன்னார். என்னத்துக்குக் கேட்கிறாய் என்றார். சும்மா என்றேன்.

ஒன்று என்று நான் எடுத்தது நாலு. இரண்டு என்று எடுத்தது மூன்று. நாலு மூடியும் மாறி.

கழற்றினால் நாளைக்கு வேன் இல்லை. பிள்ளைகள் போய்விடுவார்கள், திரும்ப வரவும் மாட்டார்கள். கழற்றாவிட்டால் வழியில் கட்டுகஸ்தோட்டை தாண்டுவதற்குள் எஞ்சின் இறுகி நின்றுவிடும், பிள்ளைகள் உள்ளே இருக்கும்போது. நேற்று ஓடியதிலேயே கிராங்க் கீறியிருக்கும். சரியான மூடி போட்டாலும் இனிச் சரிவருமோ தெரியாது. எப்படி நினைத்தாலும் ஒன்றும் மிஞ்சவில்லை.

சொல்வதற்கு இரண்டு தடவை கிட்டப் போனேன். வாப்பா சீட் உறை மாட்டிக்கொண்டிருந்தார். என்ன மகள் என்றார். ஒன்றுமில்லை என்றேன். இரண்டு தடவையும்.

அஸர் தொழுகைக்கு அவர் பள்ளிவாசலுக்குப் போனார். வேனுக்கு அடியில் சாக்கை விரித்துப் படுத்தேன். வாளியை இழுத்து வைத்து, ஒயில் தட்டைத் திறப்பதற்கு முதலில் ஒயில் வடிக்கும் நட்டைக் கழற்றினேன்.