ஆட்டம் இல்லாத சக்கரம்

என் புடவைத் தலைப்பில் கருகிய கிரீஸ் வாடை இன்னும் போகவில்லை. சோப்புப் போட்டு அலசி, கொடியில் காயவைத்து, எடுத்து மோந்து பார்த்தால் அப்படியே இருக்கிறது. "அதத் தூக்கிப் போடுங்க அப்பத்தா, வேற சீலையா இல்ல?" என்று பேத்தி முகம் சுளித்தாள். நான் போடவில்லை. கல்யாணமான நாளிலிருந்து உங்கள் சட்டையில் நான் துவைத்த வாசம் அல்லவா இது? ஆனால் உங்கள் சட்டையில் இருந்தது பச்சைக் கிரீஸ். இது வெந்த கிரீஸ். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். பேத்தி, தானே எழுதித் தருவதாகச் சொன்னாள். அஞ்சாம் வகுப்பு படித்தவள் தன் புருஷனுக்கு எழுத ஆள் வைப்பாளா?

நேற்று நம் லாரி ரோட்டில் ஓடத் தகுதியா என்று பார்க்கும் எஃப்.சி. சோதனை. பழைய சான்றிதழ் நேற்றோடு முடிந்தது. பேத்திதான் போனிலேயே தேதி வாங்கினாள், கெட்டிக்காரி. அந்தத் தேதியை விட்டால் அடுத்தது கிடைக்கும்வரை லாரி வாசலில்தான் நிற்கும். ஊரே நம் லாரியை நம்பிக் குச்சிக்கிழங்கு பிடுங்கிக் குவித்து வைத்திருந்தது. பிடுங்கிய கிழங்கு எத்தனை நாள் பொறுக்கும் என்று உங்களுக்குத் தெரியும். உள்ளே கருநீலம் ஓடிவிட்டால் ஜவ்வரிசி மில்லில் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

செம்மேட்டு மெக்கானிக், முன்சக்கரம் இரண்டும் ஆடுகிறது, சோதனையில் நிறுத்திவிடுவார்கள் என்று சொல்லிவிட்டான். அதனால் முந்தின நாள் சாயங்காலம் செல்வம் ஜாக்கி போட்டு, பேரிங் நட்டைத் தானே இறுக்கினான். உங்கள் பிள்ளைக்குக் கைவேலை தெரியும், குறை சொல்ல மாட்டேன். ஆனால் சக்கரத்தைச் சுற்றிவிட ஆள் கூப்பிடவில்லை. நாம் இருவரும் அதை எப்படிச் செய்வோம்! நீங்கள் குத்துக்கால் போட்டு ஸ்பேனர் பிடிப்பீர்கள். நான் இரண்டு கையாலும் சக்கரத்தைச் சுற்றுவேன். "எப்படி இருக்குது?" என்று தலை நிமிராமல் கேட்பீர்கள். "ராகி அரைக்கிற கல்லு வெறும்னே சுத்துற மாதிரி" என்பேன். இன்னும் இறுக்குவீர்கள். "இப்ப?" "ராகி போட்ட மாதிரி." அதற்கப்புறம் நட்டை ஒரு ஓட்டை பின்னால் தளர்த்தி, அது நகராமலிருக்க அந்த ஓட்டையில் பின்னைக் குத்தி வளைத்துவிடுவீர்கள். சக்கரத்தில் ஒரு மயிரிழை ஆட்டம் மிச்சம் இருக்கும். சூட்டில் இரும்பு உப்ப இடம் இருக்கட்டும் என்று தெரிந்தேதான் விடுவீர்கள்.

செல்வம் அந்த மயிரிழையையும் விடவில்லை. "பாருங்கம்மா, அசையுதா?" என்று காலால் உதைத்துக் காட்டினான்.

"கண்ணு, அப்பா இப்படி இறுக்க மாட்டாருடா."

"கீழ எல்லாரும் இப்படித்தாம்மா. இறுக்கிக் காட்டிட்டு, வெளிய வந்து லூஸ் பண்ணிக்குவாங்க."

கீழே சமவெளியில் அப்படித்தான். அது உங்களுக்கும் தெரியும். "அவுங்களுக்கு அது சரி, பட்டறைக்கும் சோதனை மைதானத்துக்கும் நடுவுல மலை இல்ல" என்று சிரிப்பீர்கள். மலைக்காரன் வீட்டு வாசலில் இறுக்கினால், அந்த இறுக்கத்தோடு அத்தனை வளைவும் இறங்கியாக வேண்டும். இதைச் செல்வத்திடம் சொன்னேன். கேட்கவில்லை. "அப்ப நானும் வாரேன்" என்றேன்.

"எதுக்கும்மா? எஃப்.சி.க்கு உங்களையா காட்டப் போறேன்?"

"காட்டு. ஒரே தடவையில பாஸாயிருவேன்."

காலையில் கிளம்பினோம். மேல் வளைவுகளில் ஒன்றும் தெரியவில்லை. மிளகுத் தோட்டங்கள் முடிந்து காடு ஆரம்பிக்கும் இடத்தில் லேசாக ஒரு வாடை வந்தது. நான் ஜன்னலில் மூக்கை வைத்தேன். அடுத்த வளைவில் காணோம். அதற்கடுத்ததில் மறுபடியும்.

"செல்வம், கிரீஸ் வேகுது. நிறுத்து."

"பிரேக் சூடும்மா. மலை எறங்கினா வராதா?"

பேசுகிறானே ஒழிய அவன் கை இரண்டும் ஸ்டியரிங்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தன. வண்டி இடது பக்கமே இழுத்தது. அந்தப் பக்கம் பள்ளம். கீழே அடிவாரத்துக் காரவள்ளி வீடுகள் தீப்பெட்டி போலத் தெரிந்தன. எதிரே பஸ் ஏறி வந்தது. அவன் ஓரம் கட்ட, சக்கரம் கிரீச்சென்று முனகியது. பிரேக் அப்படி முனகாதுங்க.

"நிறுத்துடா! இல்லைன்னா நான் கதவைத் தொறந்து எறங்கிருவேன்!"

வளைவு தாண்டிக் கொஞ்சம் அகலமாக இருந்த இடத்தில் நிறுத்தினான். நான் இறங்கிப் பின்சக்கரங்களுக்குக் கல் வைத்தேன். அப்புறம் நீங்கள் செய்வதைச் செய்தேன். வலது முன்சக்கரத்தின் நடு மூடிக்குப் பக்கத்தில் புறங்கையைக் கொண்டுபோய் வைத்தேன். சூடுதான், பொறுக்கும் சூடு. இடது பக்கம் வந்தேன். வைப்பதற்கு முன்னாலேயே கை பின்னால் வந்துவிட்டது. "ரெண்டு பக்கமும் ஒரே சூடுன்னா பிரேக்கு. ஒரு பக்கம் மட்டும்னா பேரிங்கு" என்பீர்களே, அதேதான்.

செல்வமும் தொட்டுப் பார்த்தான். தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு ஓடி வந்தவனைக் கையைப் பிடித்து நிறுத்தினேன். "தண்ணி பட்டா இரும்பு வெடிக்கும் சாமி. தானா ஆறட்டும்."

"நேரம் போகுதும்மா! அங்க பேரு கூப்பிட்டுட்டா?"

"போகட்டும். நீ இருக்கிறியே."

அவன் ரோட்டில் குறுக்கும் நெடுக்கும் நடந்தான். நான் கல்லில் உட்கார்ந்து, குவிந்து கிடக்கும் கிழங்கை நினைத்துக்கொண்டிருந்தேன். அவசரப்பட்டு நானே அவனைக் கிளம்பச் சொல்லிவிடுவேனோ என்று என் வாய்மேலேயே எனக்குப் பயம். மேலேயிருந்து இறங்கி வந்த பஸ் டிரைவர் தலையை நீட்டினார். "ஏனுங்கக்கா, லாரிக்குக் காய்ச்சலுங்களா?"

"ஆமாங்க, கசாயம் காய்ச்சிட்டு இருக்கறோம்" என்றேன். செல்வம் அப்போதுதான் கொஞ்சம் சிரித்தான்.

சூடு அடங்கினதும் ஜாக்கி போட்டு மூடியைத் திறந்தோம். கிரீஸ் கறுத்துத் தாராய் ஓடியது. என் தலைப்பால்தான் துடைத்தேன். நல்லகாலம், பேரிங் சூட்டில் நீலம் பூத்துக் கெட்டுப்போகவில்லை. டப்பாவிலிருந்த புதுக் கிரீஸை அடைத்தோம். அவன் ஸ்பேனர் பிடித்தான். நான் சக்கரத்தில் கை வைத்தேன். நீங்கள் போன பிறகு இப்போதுதான் வைக்கிறேன். அவன் தலை நிமிராமல் கேட்டான்:

"எப்படிம்மா இருக்குது?"

கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு சுற்று சுற்றினேன். "ராகி போட்ட மாதிரி. ஒரு ஓட்டை விடு. போதும்." வலது சக்கரத்தையும் அப்படியே சரிசெய்தோம்.

மைதானத்துக்குப் போகும்போது நம் முறை தாண்டியிருந்தது. செல்வம் கெஞ்சினான். மலையிலிருந்து வருவதைக் கேட்டு, கடைசியில் நிற்கச் சொன்னார்கள். எங்களுக்கு முன்னால் நின்ற லாரிகளின் சக்கரமெல்லாம், அதிகாரி பிடித்து ஆட்டியும், சுவரில் அடித்த ஆணி மாதிரி அசையாமல் இருந்தன. அதிகாரி நம் சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினார். நின்றார். மறுபடி ஆட்டினார்.

"லேசா ஆடுதே?"

நான் வாய் திறப்பதற்குள் செல்வம் சொன்னான்: "மலை வண்டிங்க சார். ஆட்டம் இல்லாத சக்கரம் மலை எறங்காதுங்க."

உங்கள் பேச்சுங்க அது. நீங்கள் அதைச் சொல்லும்போதெல்லாம் அவன் எங்கேயோ பார்த்துக்கொண்டு நிற்பான், காதிலேயே விழவில்லை என்று நினைத்திருந்தேன். அதிகாரி சக்கரத்தைச் சுற்றிவிட்டு, அது நிற்கும்வரை காது கொடுத்துக் கேட்டார். "சரி, ஹாரனை அடி" என்றார். செல்வம் அடித்த அடியில் வேப்பமரத்துக் காக்காயெல்லாம் பறந்துவிட்டன. பாஸ்.

திரும்பும்போது காரவள்ளியில் நான் சொல்லாமலேயே நிறுத்தினான். இறங்கி, வலது பக்கம் ஒரு தடவை, இடது பக்கம் ஒரு தடவை புறங்கையை வைத்தான். "நீங்களும் பாருங்கம்மா" என்றான். பார்த்தேன். இரண்டு பக்கமும் ஒரே சூடு. இன்றைக்கு விடிந்ததும் ஊர்க்கிழங்கை ஏற்றிக்கொண்டு போயிருக்கிறான்.

கடைசி நாட்களில் உங்கள் நெற்றியிலும் இப்படித்தான் புறங்கையை வைத்துக்கொண்டிருந்தேன், சூடு இறங்குமா என்று. ஒரு விடிகாலையில் இறங்கியது, ஒரேயடியாக. அந்தக் குளிர்ச்சி இந்தக் கையை விட்டுப் போகவே போகாது என்றிருந்தேன். நேற்று காரவள்ளியில் வைத்த இளஞ்சூடும் இப்போது அதன்மேலேயே இருக்கிறது. இரண்டையும் வைத்துக்கொண்டுதான் வாசலில் உட்கார்ந்திருக்கிறேன், லாரிச் சத்தம் கேட்கிறதா என்று.