வறண்ட அருவியில் வழுக்கியவன்

மார்ச் 23, திங்கள்

கோடு: இல்லை.

வயல் வரப்பில் நின்றால் குற்றாலம் பேரருவி மலையில் வெள்ளைக் கோடாகத் தெரியும். தினமும் பார்த்து எழுதுவது, உரக்கடையில் 81ஆம் வருட டைரி கொடுத்ததிலிருந்து. பத்து நாளாகப் பாறை மட்டும். நல்ல வெயில். கிணற்றில் இரண்டு முழம் தண்ணீர். மோட்டார் அரை மணி ஓடினால் காற்றை இழுக்கிறது.

வேலை: வாழைக்கு மண் அணைக்க. சைக்கிள் பங்சர். தென்காசி ஊர்வலம், பத்து மணி, மோட்டார் கரண்ட் கட்டணத்தைக் குறைக்கச் சொல்லி. தாலுகா ஆபீஸ் வரை.

பேச்சி புளிச்சோறு கட்டிவிட்டாள். கல்யாணமாகி எட்டு வருஷம், உப்பு மட்டும் இன்னும் தாராளம். "பின்னால நில்லுங்க. நெட்டையா இருக்கிய, மொதல்ல உங்களத்தான் தெரியும்" என்றாள்.

ஏப்ரல் 2, வியாழன்

ஆஸ்பத்திரி. கோடு: தெரியாது. ஜன்னலுக்கு வெளியே சுவர்.

பென்சிலில் எழுதுகிறேன். இடது கண்ணில் கட்டு. வரி மேலே மேலே ஏறிப் போகிறது.

மறப்பதற்குள் எழுதிவிட வேண்டும். தாலுகா ஆபீஸ் முன்னால் உட்கார்ந்தோம். எதிரே போலீஸ் வரிசை. கலைந்து போகச் சொல்லி யாரும் சொன்னதாகக் காதில் விழவில்லை. எங்களுக்குப் பின்னாலிருந்து இரண்டு மூன்று கல் பறந்தது. எழுந்து நின்றேன். நானும் ஒரு கல்லை எடுத்தேன். ஏன் என்று தெரியாது. உள்ளங்கை அளவு, வெயிலில் கிடந்த சூடு. எறியவில்லை. அதற்குள் ஒரு துப்பாக்கிக் குழாய், நேராக என் முகத்துக்கு. கண்ணீர்ப்புகைக் குண்டு கண்ணில்தான் பட்டது.

பிறகு புகை. சீசனில் மலையிலிருந்து இறங்குகிற மூட்டம் மாதிரி. அழகாக இருந்தது என்று எழுத வெட்கமாக இருக்கிறது. இருந்தது.

ஏப்ரல் 4, சனி

இன்றுதான் பேச்சி சொன்னாள். என்னைக் கொண்டுவந்த அன்று, எப்படி அடிபட்டது என்று ஆஸ்பத்திரி குமாஸ்தா கேட்டிருக்கிறார். வாசலில் போலீஸ் வண்டி. ஊர்வலத்தில் பட்ட அடி என்றால் கட்டிலோடு விலங்கு மாட்டுவார்கள் என்று யாரோ இவள் காதில் போட்டிருக்கிறார்கள். "குத்தாலத்துல அருவியில வழுக்கி விழுந்துட்டாவ" என்று சொல்லிவிட்டாள்.

சீசனில் அந்த வரியைத் தினமும் எழுதிப் பழகிய குமாஸ்தா கை. நிமிர்ந்துகூடப் பார்க்காமல் ரிஜிஸ்டரில் எழுதிவிட்டது. மார்ச் மாதம். அருவியில் காக்கா குளிக்கத் தண்ணீர் கிடையாது.

சிரித்தேன். தையல் இழுத்தது. பேச்சி சிரிக்கவில்லை.

ஏப்ரல் 9, வியாழன்

கட்டுப் பிரித்தார்கள். இடது கண்ணில் வெறும் வெள்ளை. வெளிச்சம் உண்டு, உருவம் இல்லை. இனி இவ்வளவுதான் என்று டாக்டர் மெதுவாகச் சொன்னார். அழுதேன். இரண்டு கண்ணிலும் தண்ணீர் வந்தது.

பக்கத்துக் கட்டில்காரர் கொய்யா கொடுத்தார். விதை அதிகம்.

மத்தியானத் தூக்கத்தில் அருவி. மூன்றாவது நாளாக. பேரருவிக்கு அடியில் நிற்கிறேன். தலையில் தண்ணீர் அறைகிறது, சுற்றிலும் நல்லெண்ணெய் வாசனை. கால் மெல்ல வழுக்குகிறது. விழுந்துகொண்டே இருக்கிறேன், வலி இல்லை. விழித்த பிறகும் ஒரு நிமிஷம் நிஜமாகவே அப்படித்தான் நடந்ததோ என்று இருந்தது. பேச்சி சொன்ன பொய் சுகமாக இருக்கிறது. அதில் யாரும் என்னைக் குறிபார்க்கவில்லை.

ஏப்ரல் 21, செவ்வாய்

வீடு. கோடு: இல்லை.

வாழை இரண்டு வரிசை சாய்ந்துவிட்டது. டம்ளரைப் பிடிக்கப் போனால் கை ஒரு விரற்கடை தள்ளிப் போகிறது.

தென்காசி வக்கீல் காதர் மைதீன் வந்தார். ஊர்வலத்தில் அடிபட்டவர்களை ஊர் ஊராகத் தேடிப் போகிறார். காப்பி குடிக்காமலே பேசினார்.

"கல்லு எறிஞ்ச கூட்டத்துல இருந்தாலும் உமக்கு உரிமை உண்டும்வே. மொதல்ல கலைஞ்சு போகச் சொல்லணும். அதுக்குப் பெறவும் எவ்வளவு தேவையோ அவ்வளவுதான். புகைக்குண்ட மேல பாத்துச் சுடணும், மூஞ்சியப் பாத்து இல்ல."

பிறகு குரல் இறங்கியது. "ஆனா ரிஜிஸ்டர்ல நீரு அருவியிலல்லா விழுந்திருக்கீரு. அதத்தான் போலீஸ்காரங்க நீட்டுவாங்க."

கேஸ் போடலாம், ஆனால் நஷ்டஈடு வரும் என்று ஆசை காட்ட மாட்டாராம். எனக்கும் அது பெரிதில்லை. என் கண் எதனால் போயிற்று என்று ஒரு காகிதத்திலாவது சரியாக இருக்க வேண்டும்.

பேச்சி அடுக்களையை விட்டு வெளியே வரவில்லை.

மே 6, புதன்

கோடு: இல்லை. மேகம் வந்து போனது.

காயச் சான்றிதழ் நகலுக்கு மனு கொடுத்தாயிற்று. சாட்சி சொல்ல ஒருவர் சம்மதம், ஒருவர் யோசிக்கிறார். மாட்டுக்குத் தவிடு.

வக்கீல் மறுபடி. "அன்னைக்கு அருவியில தண்ணி இல்லன்னு எப்படிக் காட்ட?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். பேச்சி உள்ளே போய் இந்த டைரியை எடுத்துவந்து அவர் முன்னால் வைத்தாள். "இவுக தெனமும் மலையப் பாத்து எழுதுவாவ."

மார்ச் பக்கங்களைப் படித்துச் சிரித்தார். அடுத்ததைத் திருப்பினார். ஏப்ரல் 2இல் நின்றுவிட்டார். கல்.

"கிழிச்சிரலாமா?" என்று பேச்சிதான் கேட்டாள்.

"கிழிச்ச டைரிய எவன் நம்புவான்? குடுத்தா முழுசாக் குடுக்கணும். இந்தப் பக்கத்த வச்சு இவரு மேலயே கேஸ் போட்டாலும் போடுவாங்க. அதுக்குப் பயந்தா பெட்டியில பூட்டி வைங்க, தப்புன்னு சொல்ல மாட்டேன்."

டைரியை வாங்கி மூடினேன். பயம். ஜெயில் என்றால் வயலை யார் பார்ப்பது.

மே 20, புதன்

கோடு: இல்லை. காற்று மாறுகிறது.

"கல்ல எடுத்தத ஏன் எழுதுனீய?" என்று பேச்சி கேட்டாள்.

"நடந்துச்சு."

"நான் நடக்காததச் சொன்னேன். நீங்க நடந்தத எழுதி வச்சிருக்கிய. ரெண்டும் சேந்து வந்து நிக்கி" என்றாள். கொஞ்சம் கழித்து, "நானே கோர்ட்டுல ஏறிச் சொல்லுதேன். பயத்துல சொன்ன பொய்னு."

எட்டு வருஷத்தில் பேச்சி தென்காசி பஜாரில்கூட உரக்கப் பேசியதில்லை.

மத்தியானம் மறுபடி அதே அருவி. அதே எண்ணெய் வாசனை. இந்தத் தடவை கையில் கல் இருந்தது. அவ்வளவு தண்ணீரிலும் அது ஆறவில்லை. எவ்வளவு நேரம் நனைத்தும் அதே சூடு.

எழுந்து முகம் கழுவினேன். டைரியைக் கொடுத்துவிடுவோம் என்று பேச்சியிடம் சொன்னேன்.

ஜூன் 4, வியாழன்

விடிந்ததிலிருந்து சாரல். இன்று கோர்ட். டைரி போனால் எப்போது திரும்பும் என்று வக்கீலுக்கே தெரியாதாம். ஏப்ரல் 2ஆம் பக்கம் அப்படியே இருக்கிறது.

பேச்சி நீலச் சேலை. சொல்ல வேண்டியதை முணுமுணுத்துக்கொண்டே தலை சீவுகிறாள். எனக்கு அவளைப் பார்க்கப் பார்க்கப் பெருமையாக இருக்கிறது. சொல்லவில்லை, எழுதுகிறேன்.

வரப்புக்குப் போய் வந்தேன். வலது கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்தால் எங்கும் வெள்ளை, மலை முழுக்க அருவி. ரொம்ப நேரம் அப்படியே நின்றேன். இதையும் அங்கே படிப்பார்கள். படிக்கட்டும்.

வக்கீல் வண்டி வந்துவிட்டது.

கோடு: இருக்கிறது. ஒன்று. வலது கண்ணால் பார்த்தது.