பனிக்கு அடைத்த ஜன்னல்

என் அருமைத் தங்கை செல்லம்மா,

நீ போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது. எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் ஆவணியில் உன் மகள் வள்ளிக்கும் மூச்சிழுப்பு வந்துவிட்டது. உன்னைக் கொண்டுபோன அதே இழுப்பு.

பயப்படாதே, முழுவதும் கேள்.

புதுக்கோட்டைக்கு நீ வாழப்போன புதிதில் உன் வீட்டெதிரே, பஸ் ஸ்டாண்டில், கரியில் ஓடும் பஸ்கள் சில நிற்கும். இப்போது டீசல் பஸ்கள். விடியும் முன்பே வரிசையாக எஞ்சினை உறுமவிட்டு நிற்கின்றன. பக்கத்தில் நெல் மில்லின் உமிப்புகை வேறு. ஊர் வளர்ந்ததில் எனக்குச் சந்தோஷம்தான். என்னிடம் படித்தவர்களே அந்த பஸ்களை ஓட்டுகிறார்கள்.

உனக்கு மூச்சு முட்டியபோதெல்லாம் நாம் பனியைத்தான் திட்டினோம். மோரை நிறுத்தினோம், வாழைப்பழத்தை நிறுத்தினோம், தலையில் துண்டு கட்டினோம். குளத்துப் பக்கத்து ஜன்னலில் குளிர்காற்று வருகிறதென்று உன் வீட்டுக்காரர் பலகை வைத்து ஆணி அடித்தார். காற்று வேண்டுமே என்று பஸ் ஸ்டாண்டுப் பக்கத்து ஜன்னலைத் திறந்து, அதனடியில் உன் கட்டிலைப் போட்டோம். வெதுவெதுப்பான காற்று, உடம்புக்கு நல்லது என்றார்கள். வெள்ளிக்கிழமை தோறும் கட்டிலைச் சுற்றிச் சாம்பிராணி வேறு. அந்தக் கட்டிலில்தான் வள்ளியும் படுத்தாள்.

மார்கழியில் அவள் வல்லத்திராக்கோட்டையில் எங்கள் வீட்டில் வந்து தங்கினாள். கொட்டுகிற பனி; ஜன்னல் திறந்தே கிடந்தது. “மாமா, இங்கிட்டு வந்ததுலருந்து நல்லாத் தூங்குறேன்” என்றாள். ஊர் திரும்பிய மறுநாளே இழுத்தது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். என்ன சாப்பிட்டாள் என்று டாக்டர் கேட்கவில்லை. “எங்க படுக்குது இந்தப் பிள்ளை?” என்று கேட்டார்.

வள்ளியை எங்கள் வீட்டில் விட்டுவிட்டு உன் வீட்டுக்காரரிடம் போனேன். பஸ் புகைதான் இழுப்பைக் கிளப்புகிறது, கட்டிலை மாற்றுங்கள் என்றதும் சிரித்தார்.

“பென்சன் வாங்கியும் வாத்தியார் வேலைய விடலையா மச்சான்? பொகைதான் காரணம்னா, அந்த டிரைவருங்கதானே மொதல்ல விழணும்?”

“ஒரே மழையில நனைஞ்சா எல்லாருக்குமா காய்ச்சல் வருது, மாப்பிள்ளை?”

அவர் சிரிப்பு நின்றது. “பனிய உள்ள விட்டு எம் மகளையும் தூக்கிக் குடுக்கச் சொல்றீங்களா?”

அதற்குமேல் நான் வாதாடவில்லை. இரண்டு வெள்ளைத் துண்டுகளை நனைத்து, ஒன்றை பஸ் ஸ்டாண்டுப் பக்கத்து ஜன்னலிலும் மற்றொன்றைக் கொல்லைக் கொடியிலும் போட்டேன்.

மறுநாள் இரண்டையும் கூடத்தில் விரித்தேன். கொல்லைத் துண்டு ஏறக்குறைய போட்டபடியே இருந்தது. ஜன்னல் துண்டு கரித்துணியாகியிருந்தது. அவர் அதை விரலால் தேய்த்தார். விரலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“இதையா மச்சான் அவ குடிச்சா?”



“கட்டிலப் பிடிங்க” என்றார். இருவருமாகப் பின்னறைக்குத் தூக்கினோம். அங்கே குளத்துப் பக்கத்து ஜன்னலில் அடித்திருந்த ஆணிகளை அவரே பிடுங்கினார்.

உன் நோய்க்குப் புகை மட்டும்தான் காரணமா? தெரியாது, செல்லம்மா. சிறு வயதிலிருந்தே உனக்கு நெஞ்சு பலவீனம். சுளுக்கிய காலோடு நடப்பவர் தலையில் மூட்டை ஏற்றியது போல அந்தப் புகை சேர்ந்திருக்கும். பின்னறைக்கு மாறியபின் வள்ளிக்கு இழுப்பு குறைந்திருக்கிறது, நிற்கவில்லை. காற்று திரும்பினால் மில் புகை அங்கேயும் எட்டிப் பார்க்கிறது.

அவளுக்கு வரன் பார்க்கத் தொடங்கிவிட்டோம். நிலம், நகை, உத்தியோகமெல்லாம் மற்றவர்கள் விசாரிக்கட்டும். நான் மாப்பிள்ளை வீட்டுக்குப் போய், அவள் படுக்கப்போகிற அறையில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் மூச்சு விட்டுப் பார்ப்பேன். நெஞ்சு கரித்தால், எவ்வளவு பெரிய இடமானாலும் காப்பியைக்கூடத் தொடாமல் எழுந்து வந்துவிடுவேன். இது நான் உனக்குத் தரும் வாக்கு.

உன் அண்ணன்,
வள்ளியின் தாய்மாமன்.